பிழைத்தவனின் கையெழுத்து

1

செத்துப் பிழைத்தவன் பேச்சை யாரும் இடைமறிப்பதில்லை. 'இந்த மருந்தைச் சாப்பிட்டேன், எழுந்து உட்கார்ந்தேன்' என்று ஒருவர் சொன்னால் அதற்குமேல் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று நினைக்கிறோம். அவர் உடம்பு, அவர் வலி, அவர் அனுபவம். கேட்க நீ யார்? சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் கையில் திணிக்கப்படும் துண்டு நோட்டீசுகள் இந்த மரியாதையை நம்பித்தான் அச்சாகின்றன. பாஸ்போர்ட் அளவு போட்டோ, ஊர்ப்பெயர், 'இத்தனை வருடமாக அவதிப்பட்ட நான் மூன்றே பாட்டிலில் பூரண குணமடைந்தேன்' என்று ஒரு வாசகம், கீழே கையெழுத்தோ ரேகையோ. நம்ம சனங்களின் முகம் இந்த நாட்டில் அச்சில் வருகிற இடங்கள் ரொம்பக் குறைவு. அதில் இந்த நோட்டீசும் ஒன்று.

இது எனக்கு வேடிக்கையான விஷயம் அல்ல. ஏனென்றால் நாம் நடத்துகிற இதழ்களும், எழுதுகிற தன்வரலாறுகளும், போடுகிற கூட்டங்களும் இதே நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன. 'பட்டவனுக்குத்தான் தெரியும்' என்பதுதான் தலித் எழுத்தின் முதல் வாக்கியம். எங்கள் தெருவுக்கு வராதவன், எங்கள் குவளையில் குடிக்காதவன், எங்களைப் பற்றி எழுதியதை நாம் மறுத்தோம். புள்ளிவிவரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவனிடம், 'முதலில் இந்தக் கிழவி சொல்வதைக் கேள்' என்றோம். சரியாகத்தான் சொன்னோம்.

அப்படியென்றால் லேகியத்தால் பிழைத்தேன் என்று சொல்கிற கிழவியை என்ன செய்வது? அவளும் பட்டவள்தானே? வன்கொடுமை வழக்கில் அவள் சொல்லை நம்பு என்று கோர்ட்டில் கத்துகிற நான், லேகிய விஷயத்தில் மட்டும் 'ஆதாரம் எங்கே?' என்று கேட்டால், ஆதிக்கசாதி வக்கீல் கேட்கிற அதே கேள்வியை என் சொந்தத் தாயிடம் கேட்டவன் ஆகமாட்டேனா? இது வாதத்துக்காக நான் உண்டாக்கிக்கொண்ட சிக்கல் அல்ல. எங்கள் வீட்டில் பல வருடமாக இருக்கிற சிக்கல். இதை யோசித்துத்தான் ஆகவேண்டும்.

2

2014-ல் எனக்கு வயது 24. எம்.ஏ. தமிழ் இரண்டாம் வருடம். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில் எங்கள் காலனி. மூன்று வாரம் விடாத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி வேர்வை. ஒருநாள் துப்பியதில் ரத்தம் வந்தது. எடை 41 கிலோ. சளியைச் சோதித்துவிட்டு டி.பி. என்றார்கள்.

அப்போது அரசாங்கம் கொடுத்த சிகிச்சை ஆறுமாதம். வாரத்தில் மூன்று நாள். முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எதாம்பியூட்டால் என்று நான்கு மருந்து, வேளைக்கு ஏழு மாத்திரை. அடுத்த நான்கு மாதம் முதல் இரண்டு மருந்து மட்டும். தினமும் விழுங்குகிற முறை பிறகுதான் வந்தது. மாத்திரைப் பெட்டியில் நோயாளியின் பெயர் எழுதியிருக்கும். ஆனால் பெட்டி நம் கைக்கு வராது. முதல் இரண்டு மாதம் ஒருவர் கண்ணெதிரில் நின்றுதான் விழுங்க வேண்டும். எனக்கு அந்த ஒருவர் ஊர்த்தெருவில் இருந்தார்.

வீட்டு வாசற்படிக்குக் கீழே நிற்பேன். மாத்திரையை ஒரு தாளில் வைத்துத் திண்ணை ஓரத்தில் தள்ளுவார்கள். தண்ணி நான்தான் பாட்டிலில் கொண்டுபோக வேண்டும். நோய்க்காகத் தள்ளி நிற்கிறார்களா, சாதிக்காகத் தள்ளி நிற்கிறார்களா என்று கேட்க முடியாது. டி.பி. காற்றில் பரவுகிறது, குவளையில் அல்ல. மருந்து சாப்பிட ஆரம்பித்த சில வாரங்களில் பரப்புகிற தன்மையும் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஆனால் என் சளி சுத்தம் என்று ரிசல்ட் வந்த பிறகும் அந்தத் தாள் தாளாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே 'எந்த ஊரு, காலனியா?' என்று கேட்டார். நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இதே சமயத்தில் எங்கம்மா ஒரு லேகியம் வாங்கி வந்தது. மாதம் இரண்டுமுறை ஒரு லாட்ஜில் ரூம் போட்டு நாடி பார்க்கிற வைத்தியர். பாட்டில் 850 ரூபாய். நாலு பாட்டில். அந்த வருடம் நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் வைத்திருந்த கூலி 167 ரூபாய், கைக்கு வருவது அதற்கும் கீழே. இருபது நாள் முதுகு ஒடிந்த காசு. அதற்காக அம்மா கம்மலை அடகு வைத்தது. பாட்டில் மேல் என்னென்ன சரக்கு என்று எழுதவில்லை. 'பரம்பரை ரகசியம்' என்றார். என்னையும் கூட்டிப்போனது. அந்த வைத்தியர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஒரு நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். நோய் வந்ததிலிருந்து வீட்டு மனுஷர் அல்லாத ஒருவர் என்னைத் தொட்டது அதுதான் முதல்முறை.

சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைச் சொன்னேன். 'விஷம் கரைஞ்சு வெளியேறுது. மருந்து பிடிச்சிருக்கு' என்றார். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீரும் கண்ணீரும்கூட அந்த நிறத்துக்கு மாறும். வாசற்படியில் நின்று விழுங்கிய மாத்திரை தன் வேலையைக் காட்டியது. அதை அவர் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

ஆறு மாதம் முடிந்தது. எடை 52 கிலோ. நோய் போனது. அம்மாவுக்கு லேகியம்தான் காப்பாற்றியது. எனக்கு மாத்திரை. 'சும்மா குடுக்கற மாத்திரைக்கு இன்னா பவர் இருக்கும்டா கண்ணு? நாலு பாட்டில் துன்னதாலதான் நீ எழுந்து நடக்கற' என்று இன்றைக்கும் சொல்கிறது.

அடுத்த வருடம் ஒரு நோட்டீசில் என் முகத்தைப் பார்த்தேன். ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த போட்டோவில் மிச்சம் இருந்ததை அவர் கேட்டு வாங்கியிருக்கிறார், அம்மா கொடுத்திருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் எம்.ஏ. என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். எங்கள் காலனியில் எம்.ஏ. படித்த முதல் ஆள் நான். அந்தப் பட்டத்துக்கு எந்த ஆபீசிலும் கிடைக்காத மதிப்பு அந்த நோட்டீசில் கிடைத்திருந்தது. லாட்ஜுக்குப் போய்ப் படத்தை எடுக்கச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நிதானமாகக் கேட்டார்: 'தம்பி, என் மருந்தைச் சாப்பிட்டீங்களா இல்லையா? பிழைச்சீங்களா இல்லையா? இதுல எது பொய்?'

இரண்டும் உண்மை. சாப்பிட்டேன், பிழைத்தேன். அந்த நோட்டீசில் ஒரு பொய்யான வாக்கியம்கூட இல்லை. இரண்டு உண்மையைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார், அவ்வளவுதான். நடுவில் இருக்கிற 'அதனால்' என்ற சொல்லை அவர் எழுதவில்லை. படிக்கிறவனே போட்டுக்கொள்வான் என்று விட்டுவிட்டார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் இங்கே காக்கை பனம்பழத்துக்கு விலை வாங்கிக்கொண்டு போகிறது.

3

இந்தக் கதை நம்மூருக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த சார்லஸ் ஹென்றி ஸ்டீவன்ஸ் என்ற இளைஞனுக்கு 1897-ல் காசநோய் என்று சொல்லி, காற்று மாறத் தென்னாப்பிரிக்காவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே கிஜிட்சே என்ற ஒரு கறுப்பு வைத்தியர் கசப்பான ஒரு வேரைக் காய்ச்சிக் கொடுத்தார். ஸ்டீவன்ஸ் தேறினார். இங்கிலாந்து திரும்பியபின் அதே வேரைப் பாட்டிலில் அடைத்து 'ஸ்டீவன்சின் காசநோய் மருந்து' என்று விற்றார். வேரைக் காட்டிய மனிதரின் பெயர் பாட்டிலுக்கு வரவில்லை.

1909-ல் பிரிட்டிஷ் மருத்துவர் சங்கம் 'ரகசிய மருந்துகள்' என்று ஒரு புத்தகம் போட்டது. ஊரெல்லாம் விற்ற பேடண்ட் மருந்துகளைச் சோதனைச்சாலையில் பிரித்துப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது, அதன் அடக்கவிலை என்ன என்று எழுதியது. ஸ்டீவன்சின் மருந்தை மோசடி என்றது. அவர் மானநஷ்ட வழக்குப் போட்டார். 1912-ல் ஜூரிகளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. 1914-ல் இரண்டாவது விசாரணையில் தோற்றார். ஆனாலும் வியாபாரம் நிற்கவில்லை.

இதில் யார் பக்கம் நிற்பது? சங்கத்து டாக்டர்கள் சரி என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த டாக்டர்கள் கையிலும் 1914-ல் காசநோய்க்கு மருந்து கிடையாது. நோய்க்கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக் 1890-ல் டியூபர்குலின்தான் மருந்து என்று அறிவித்தார், அது பொய்த்தது. ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940-களில், ஐசோனியாசிட் 1952-ல். சானட்டோரியத்தில் காற்றும் பாலும் முட்டையும் ஓய்வும்தான் மருத்துவம். அதற்கும் பணம் வேண்டும். கைவிடப்பட்டவன்தான் பாட்டிலை வாங்கினான். வாங்கியவனைப் பார்த்து 'முட்டாள்' என்று சொல்வதற்கு அன்றைய டாக்டருக்கு யோக்கியதை இல்லை. விற்றவனை 'மோசடி' என்று சொல்வதற்கு இருந்தது. இந்த இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் முதல் கருத்து.

'பேடண்ட்' என்ற சொல்லையும் பாருங்கள். அரசன் யாரும் படிக்கலாம் என்று முத்திரையைத் திறந்தே கொடுத்த கடிதத்துக்குத்தான் அந்தப் பெயர். திறந்தது என்பது அதன் மூலப்பொருள். உள்ளே என்ன என்று வெளியே சொன்னவனுக்குத்தான் பேடண்ட் உரிமை. ஆனால் பேடண்ட் மருந்து என்று ஊரில் பெயர் எடுத்தவற்றில் பெரும்பாலானவை அந்த உரிமையை வாங்கவே இல்லை. வாங்கினால் ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டுச் சட்டத்திலும் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளில் 'பேடண்ட் அல்லது தனியுரிம மருந்து' என்று ஒரு வகை உண்டு. அதன் லேபிளில் சேர்ந்திருக்கிற சரக்கை எழுத வேண்டும் என்றும் விதி உண்டு. அம்மா வாங்கிய பாட்டிலில் விதி எட்டவில்லை.

4

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். எண்ணிக்கை என்றாலே நம்மில் சிலருக்குக் கசக்கிறது, எனக்கும் கசக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசநோய்க்கு மருந்தே கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? 1960-களில் பெங்களூரைச் சுற்றியிருந்த கிராமங்களில் தேசிய காசநோய் நிறுவனம் ஐந்து வருடம் பின்தொடர்ந்து பார்த்தது. ஏறக்குறையப் பாதிப்பேர் செத்துப்போனார்கள். கொஞ்சம் பேர் நோயோடேயே இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குச் சளியில் கிருமி தானாகவே மறைந்துபோனது.

இந்த மூன்றில் ஒரு பங்கைத்தான் கவனிக்க வேண்டும். நோயாளிகளுக்கு வெறும் வெல்லப்பாகைப் பாட்டிலில் அடைத்துக் கொடுத்தாலும் இந்தப் பங்கினர் எழுந்து வருவார்கள். வந்து நெஞ்சில் கைவைத்து, ஒரு பொய் இல்லாமல், 'இதைச் சாப்பிட்டேன், பிழைத்தேன்' என்பார்கள். மீதிப் பேர் எங்கே? அவர்களுக்குப் போட்டோ இல்லை, கையெழுத்து இல்லை. செத்தவன் நோட்டீசுக்கு வரமாட்டான். ஸ்டீவன்சுக்கும் நம்மூர் வைத்தியருக்கும் சாட்சிக்குப் பஞ்சமே வராததற்குக் காரணம் இதுதான்.

இங்கேதான் என் முதல் கேள்விக்குப் பதில் கிடைப்பதாக நினைக்கிறேன். வெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேர் எரிந்தார்கள். தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். 1973-ல் உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. சாட்சிகளை நம்ப மறுத்த அந்தத் தீர்ப்பை நாம் இன்றைக்கும் ஏற்கவில்லை. ஏன்? பிழைத்தவர்கள் அங்கே இருந்தவர்கள். யார் வந்தார், யார் அடித்தார், எந்தக் குடிசை என்பது கண்ணால் பார்த்தது. அதைவிட முக்கியம், அவர்கள் பேசியது செத்தவர்களுக்காக. பேச முடியாமல் போனவர்களின் வாயாக இருந்தார்கள்.

நோட்டீசில் இருக்கிற பிழைத்தவனோ தன் நுரையீரலுக்குள் நடந்ததைப் பார்த்தவன் அல்ல. அங்கே யாரும் இருந்ததில்லை. தனக்கு வலித்தது, இளைத்தேன், தேறினேன் என்பதற்கு அவனை விட்டால் வேறு சாட்சி கிடையாது. எதனால் தேறினேன் என்பதற்கு அவன் சாட்சியே கிடையாது. அவன் பேச்சு செத்தவர்களுக்காகவும் பேசுவதில்லை, அவர்களை மறைத்துவிடுகிறது. ஒரே 'பட்டவன் சொல்' தான். ஒரு இடத்தில் அது செத்தவனைக் கணக்கில் கொண்டுவருகிறது, இன்னொரு இடத்தில் கணக்கிலிருந்து தள்ளுகிறது. நாம் சாட்சியத்தை மதித்தது ஏன் என்று மறந்துபோனால், இரண்டும் ஒன்று என்று தோன்றும்.

எண்ணிக்கை என்பது ஆதிக்கக்காரனின் ஆயுதம் மட்டுமல்ல தோழர்களே. செத்தவனையும் சேர்த்து எழுதினால் அதுவும் சாட்சிதான். 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தியது. 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானட்டோரியத்தில் வைத்தார்கள், மறுபாதிக்கு அவர்கள் வீட்டிலேயே மருந்து. இருவருக்கும் ஒரே மாத்திரை. வீட்டில் இருந்தவர்களுக்கு இடநெருக்கடி, சாப்பாடு குறைவு, ஓய்வு குறைவு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. 1959-ல் அறிக்கை வந்தது. ஏழைக்கு அவன் குடிசையிலேயே டி.பி. குணமாகும் என்று உலகத்துக்கு முதலில் காட்டியது அந்த 193 பேரின் உடம்பு. சென்னையில் 1956-ல் நெரிசலான குடிசைகளில் யார் இருந்தார்கள் என்று இந்த இதழைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதனால் 'சும்மா குடுக்கற மாத்திரை' என்று அம்மா சொல்லும்போது எனக்கு இது தோன்றுகிறது: அது சும்மா வந்தது இல்லை. யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சாட்சிகளுக்குப் போட்டோ இல்லை, பெயர்கூட இல்லை. ஆனால் அவர்களில் செத்தவரையும் எழுதி வைத்தார்கள்.

5

இதோடு முடித்தால் நான் மருத்துவமனையின் வக்கீலாகி நின்றுவிடுவேன். அம்மாவின் சொல்லில் பாதியைத்தான் கேட்டவன் ஆவேன். லேகியம் காப்பாற்றியது என்று சொல்லும்போது அம்மா உண்மையில் எதற்குச் சாட்சி சொல்கிறது?

ஒன்று, தொட்டவருக்குச் சாட்சி சொல்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பையனைத் தொடவில்லை. லாட்ஜில் இருந்தவர் கையைப் பிடித்தார். அதை அம்மா பார்த்தது. நுரையீரலுக்குள் நடந்ததற்கு அது சாட்சி இல்லை, ஆனால் இதற்குச் சாட்சி. லேகியத்தைப் பற்றி அது சொல்கிற பேச்சைத் திருப்பிப் போட்டால் ஆஸ்பத்திரியைப் பற்றிய வாக்குமூலமாகிறது. மூடநம்பிக்கை என்று சிரிக்கிற முற்போக்குக்காரர்கள் இந்த வாக்குமூலத்தைத்தான் காதில் வாங்காமல் போகிறார்கள். தாளில் தள்ளிய மாத்திரையும் கிருமியைக் கொல்லும். ஆனால் தாளில் தள்ளுகிறவரிடம் ஆறுமாதம் போய் நிற்க எத்தனை பேரால் முடியும்? பாதியில் விட்டவனைப் 'பொறுப்பில்லாதவன்' என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அடுத்தமுறை அதே மாத்திரை கேட்காது. அப்படியானால் தீண்டாமையும் அந்த நோய்க்கு ஒரு காரணம். அதை எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை.

இரண்டு, அம்மா தனக்கே சாட்சி சொல்லிக்கொள்கிறது. மாத்திரை அரசாங்கம் போட்டது, அதில் அம்மாவின் பங்கு ஒன்றுமில்லை. லேகியம் அதன் கம்மல். தன் பிள்ளையைத் தானே காப்பாற்றினேன் என்று சொல்ல ஒரு தாய்க்கு இருந்த ஒரே பொருள் அந்தப் பாட்டில். நான் லேகியத்தை மறுக்கும்போதெல்லாம் அம்மாவின் முகம் சுருங்குவது வைத்தியருக்காக இல்லை. 'நன்றி கெட்டவனா இருக்காதடா' என்று அது சொல்வது தன் கம்மலுக்காக.

வள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தில் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார்: நோயாளி, தீர்க்கிறவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர். படித்தபோது பரீட்சைக்குப் படித்தேன். பிறகுதான் நான்காவது ஆள் யார் என்று புரிந்தது. பத்தியம் என்று வைத்தியர் சொன்னதால் எங்கள் வீட்டில் அந்த ஆறுமாதமும் தினம் ஒரு முட்டை, வாரத்துக்கு ஒருநாள் எலும்பு சூப். அம்மா சாப்பிடாமல் எனக்குப் போட்டது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வில், காசநோயாளியின் குடும்பத்துக்குப் பருப்பும் அரிசியும் பால்பவுடரும் சேர்த்துக் கொடுத்தபோது, வீட்டில் மற்றவர்களுக்கு நோய் வருவது ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகளிடையே சாவும் குறைந்தது. 2023-ல் அறிக்கை வெளியானது. பசி இந்த நோய்க்குப் பாதை போடுகிறது என்பது சேரிக்குப் புதுச்செய்தி அல்ல, ஆனால் இப்போது எண்ணியும் காட்டியிருக்கிறார்கள். காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் தரும் திட்டம் 2018-ல் வந்தது, 2024-ல் 1000 ஆனது. எனக்கு அது இல்லை. அம்மாதான் இருந்தது.

ஆகவே என் நன்றியை எங்கே வைப்பது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. அம்மாவுக்குச் செலுத்துகிற நன்றி பாட்டில் வழியாகத்தான் போக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. 'நீ போட்ட முட்டையிலதாம்மா எழுந்தேன், மாத்திரை கிருமியக் கொன்னுச்சு, நீ என்னைக் காப்பாத்துன' என்று சொன்னேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. 'முட்டை எல்லாரும்தான் போடறாங்க' என்றது. முட்டைக்குக் கம்மல் போகவில்லையே.

6

சில தோழர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். சித்த வைத்தியம் நம் பூர்வீகம், ஆங்கில மருத்துவம் காலனியாதிக்கம் கொண்டுவந்த அதிகாரம், அந்த அளவுகோலால் நம் அறிவை அளப்பதே அடிமைத்தனம் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். சிறுவயதில் முடங்கிப்போன திரு.வி.க.வுக்கு அவர் வைத்தியம் பார்த்துக் குணமானதைத் திரு.வி.க.வே தன் வாழ்க்கைக் குறிப்புகளில் பதிவு செய்கிறார். நம் பாட்டிமார் மருத்துவச்சிகளாக இருந்து ஊரையே பெற்றெடுக்க வைத்தார்கள், தீட்டும் அவர்களுக்கே வந்தது. பறிக்கப்பட்டது நம் அறிவு என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

ஆனால் யார் பறித்தது? கிஜிட்சேயின் வேரை ஸ்டீவன்ஸ் பாட்டிலில் அடைத்தார். நூறு வருடம் கழித்து அதே தென்னாப்பிரிக்கச் செடியின் மேல் ஒரு ஜெர்மன் நிறுவனம் ஐரோப்பாவில் பேடண்ட் வாங்கியது. கிழக்கு கேப் மாகாணத்து ஆலிஸ் ஊர் மக்கள் எதிர்த்துப் போராடி 2010-ல் அதை ரத்து செய்ய வைத்தார்கள். அந்த வேரின் சாற்றை இன்றைக்கு இருமலுக்கும் மார்ச்சளிக்கும் விற்கிறார்கள், காசநோய்க்கு அல்ல. ஸ்டீவன்சின் சாட்சிகள் கையெழுத்துப் போட்டது காசநோய்க்கு. அந்த மக்கள் தங்கள் அறிவு தங்களுடையது என்று போராடினார்கள். நோட்டீசில் முகம் கொடுத்து அந்தப் போராட்டம் ஜெயிக்கவில்லை.

அறிவை மதிப்பது என்றால் அதைச் சோதனைக்கு வெளியே தூக்கி வைப்பதல்ல. 'இது பாவம், இது பூர்வீகம், இதைக் கேள்வி கேட்காதே' என்பது கருணை. கருணை நமக்கு வேண்டாம் என்றுதானே கிளம்பினோம்? தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு 2005-ல் அயோத்திதாசப் பண்டிதர் பெயர் வைத்தார்கள். அந்த வட்டாரத்துக்கே சானட்டோரியம் என்றுதான் பெயர். 1928-லிருந்து அங்கே காசநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. பண்டிதரின் மூலிகையில் எது வேலை செய்கிறது, எதற்குச் செய்கிறது, எவ்வளவு பேருக்குச் செய்யவில்லை என்று எண்ணி எழுதினால் அது பண்டிதருக்கு மரியாதை. லேபிள் இல்லாத பாட்டிலை அவர் பெயரால் காப்பாற்றுவது அவருக்கு மரியாதை இல்லை.

சட்டம் இருக்கிறது. மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-ல் வந்த சட்டத்தின் பட்டியலில் காசநோய் இருக்கிறது, புற்றுநோய் இருக்கிறது, நீரிழிவு இருக்கிறது. 2024-ல் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய நிறுவனத்தின் விளம்பரங்களைத் தடைசெய்து பத்திரிகைகளில் மன்னிப்புக் கேட்க வைத்தது. சந்தை நோட்டீசு வரைக்கும் அந்தச் சட்டம் நடந்து வருவதில்லை. வருகிற வரைக்கும் நம் முகத்தையும் நம் கையெழுத்தையும் நாம்தான் காக்க வேண்டும்.

அந்த நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் என்னைத் தேடி வந்தார். பக்கத்து ஊர்க் காலனி, செங்கல் சூளை வேலை, ஐம்பது வயதிருக்கும். மாத்திரை ஆரம்பித்து இரண்டாவது மாதம். வாந்தி தாங்கவில்லை, இருமலும் நின்றுவிட்டது. 'தம்பி, நீங்க படிச்சவரு. மாத்திரைய வுட்டுட்டு இதையே துன்னலாமா? இன்னா சொல்றீங்க?' என்றார். லேகியம் நல்லதா கெட்டதா என்று அவர் கேட்கவில்லை. என் சொல்லைக் கேட்டு உயிரை வைக்க வந்திருந்தார்.

'ண்ணா, நான் ரெண்டும் துன்னேன். மாத்திரைய ஒருநாளும் வுடல. நோட்டீசுல அதப் போடல' என்றேன். இருமல் நின்றால் நோய் நின்றதாக அர்த்தமில்லை என்று சொல்லி, வாந்திக்கு என்ன செய்வது என்று கேட்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூடவே போனேன். எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசினோம். அதற்கும் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருந்தது.

நோயிலிருந்து எழுந்தவனுக்கு ஒரு கடன் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவன் சொல்லை ஊர் நம்புகிறது. அதனால் அவன் முழுசாகச் சொல்ல வேண்டும். எதைச் சாப்பிட்டான் என்று மட்டுமல்ல, கூட வேறெதைச் சாப்பிட்டான், யார் சோறு போட்டார், யார் தொட்டார், யார் தொடவில்லை, அதே பாட்டிலைக் குடித்து யார் செத்தார் என்று எல்லாம். பாதி சொன்னால் அதை விலைக்கு வாங்க ஆள் வரும். முழுசாகச் சொன்னால் எந்த வைத்தியனும் நோட்டீசில் போடமாட்டான், எந்த ஆஸ்பத்திரியும் சுவரில் மாட்டாது. நம்முடைய இதழ்களில் போடலாம்.